பழைய வேட்டைத் துவக்கை அறிந்து சேர்ப்பது: மட்டக்களப்பு, அம்பாறைப் புதியவர்களுக்கு

படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயற்பக்கங்களிலும் ஒரு காலத்தில் போடியார் (பெரிய வயற்காரர்) வீடு என்றால் நெற்பட்டறை இருக்கும், மாட்டுவண்டில் இருக்கும், உள்ளறை மூலையில் ஒரு துவக்கும் இருக்கும். பன்றிக்கும் யானைக்கும் காவல் அதுதான். எண்பதுகளில் அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீட்டை விட்டுப் போய்விட்டன. சிலதைப் பொலிஸில் ஒப்படைத்தார்கள், சிலதை இயக்கங்கள் எடுத்துக்கொண்டு போயின. இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒரு தோல் உறை, தோட்டாப் பட்டி, குழல் துடைக்கும் கம்பி, மடிப்பில் கிழிந்த லைசன் கடுதாசி. இன்னும் லைசனோடு துவக்கு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு, ஆனால் குறைவு.

இந்த விஷயத்தில் ஆசை வந்த இளம் ஆட்கள் முதலில் கேட்பது, "எங்கே வாங்கலாம்?" என்பதைத்தான். நான் சொல்வது நேர்மாறு. எங்கள் பக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் துவக்கு. அதற்கு முன்னால் பார்க்கப் பழக வேண்டும். பார்க்கத் தெரிந்த ஆளுக்கு இரவல் கையில் ஐந்து நிமிடம் கிடைக்கும் துவக்கே போதும். பார்க்கத் தெரியாத ஆள் பத்து வாங்கினாலும் இரும்புக் கடைதான் வைத்திருப்பார்.

முதலில் கடுதாசி

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறு வருசம் பழையது, சுடாது, சுவரில் தொங்க மட்டும்தான் என்ற கதையெல்லாம் லைசனுக்கு மாற்று ஆகாது. வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்குக்கும் லைசன் வேண்டும். அனுமதிப்பத்திரம் அந்தந்த வருசம் டிசம்பர் 31 வரைதான், வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு என்றால் கச்சேரி, பிரதேச செயலகம் வழி. தற்பாதுகாப்புத் துவக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு வழி. நடைமுறை இடையில் மாறவும் செய்யும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருசத்துக்கு முன் செய்ததை வைத்து நீங்கள் நடக்க வேண்டாம். அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் காலமான பிறகு பெட்டகத்தில் துவக்கு கிடைத்தால் என்ன செய்வது? லைசன் ஆளுக்கு எழுதியது. அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குத் தானாக வராது. அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் பொலிஸுக்குப் போகாதீர்கள், வழியில் மறித்தால் சொல்லும் கதையை யாரும் நம்பமாட்டார்கள். துவக்கை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிராம உத்தியோகத்தரையும் பொலிஸையும் அழைத்துச் சொல்லி, பழைய லைசன் கடுதாசியைக் கையில் கொடுங்கள். பிறகு உரிமை மாற்ற முடியுமா என்று எழுத்தில் விண்ணப்பிக்கலாம். காலம் தாழ்த்தினால் நல்ல பொருளும் வழக்குப் பொருளாகிவிடும்.

லைசன் இல்லாத துவக்கை "மலிவாகக் கிடக்குது, தம்பி" என்று யாராவது காட்டினால் தொடவும் வேண்டாம். கம்பியில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் அப்படித்தான். பன்றிக்குக் கட்டியது ஆளைப் பிடிக்கும், மாட்டைப் பிடிக்கும், அதில் சேகரிப்பதற்கு எதுவும் இல்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேட்டைத் துவக்கு என்று எழுதினாலும் வேட்டைக்குப் போவதற்கு இது வழிகாட்டி அல்ல. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் எங்கள் காட்டு விலங்குகளைக் காக்கின்றன. மான் இறைச்சிக் கதைகளைப் பெரியவர்களிடம் கேட்டு ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்று பிரித்தறிதல்

குழலின் வாயில் ஒரு பார்வை. உள்ளே முறுக்கு வரி ஓடினால் ரைபிள். வழுவழுவென்று இருந்தால் ஈயச் சன்னம், அதாவது சின்னச் சின்ன ஈய உருண்டைகள், பரவும் துவக்கு. எங்கள் மாவட்டங்களில் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை, அதிலும் 12 போர், போர் என்பது குழலின் உள்ளளவு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமாக 12 உருண்டையாக்கினால், ஒரு உருண்டை சரியாகப் போகும் குழல் 12 போர். அது 18.5 மில்லிமீற்றர் அளவு. 16 போர் அதைவிடச் சிறிது, 20 போர் இன்னும் சிறிது. எண் கூடக் குழல் ஒடுங்கும்.

மிகப் பழையது இடியன். அதற்கடுத்தது மேலே இரண்டு குதிரை (விசை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்) தெரியும் இரட்டைக்குழல், நடுவில் மடிந்து திறக்கும். அதற்குப் பிறகு குதிரை உள்ளே ஒளிந்துகொண்டது. 1875இல் வெஸ்ட்லி ரிச்சட்ஸ் பட்டறையில் வேலை செய்த அன்சன், டீலி என்ற இருவர் பதிவுசெய்த பெட்டிப் பூட்டு அமைப்பை (பூட்டு என்பது குதிரையும் விசையும் சேர்ந்த சுடும் பொறி) உலகம் முழுக்கப் பின்பற்றினார்கள். இன்றைக்கு எங்கேயாவது ஒரு சாதாரண இரட்டைக்குழலைத் திறந்தால் உள்ளே இருப்பது அநேகமாக அவர்களின் யோசனைதான். விலை கூடியவற்றில் இரண்டு பக்கமும் தட்டையான தகடு இருக்கும், பூட்டு அந்தத் தகட்டின் உட்பக்கத்தில் பொருந்தியிருக்கும். ஒற்றைக்குழலில் கீழே நெம்புகோல் இழுத்துத் திறக்கும் மார்ட்டினி அமைப்பு ஒன்று உண்டு. பர்மிங்காமின் கிரீனர் கம்பெனி அதைச் செய்து குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பியது. அழகில் ஒன்றுமில்லை, ஆனால் சேற்றிலும் வேலை செய்யும்.

ரைபிள் எங்கள் பக்கம் அபூர்வம். இருந்தால் அது தோட்டத்துரை, நில அளவைக்காரர், அரசாங்க அதிபர் போன்றவர்களோடு வந்திருக்கும். அம்பாறை நகரமே 1949இல் கல்லோயாத் திட்டம் வருமுன் வெள்ளைக்கார வேட்டைக்காரர் தங்கிப்போன இடம். மட்டக்களப்புக்கு மேற்கே ஊவா வரை பரந்த புல்வெளிக் காட்டை அவர்கள் 'பார்க்' என்று அழைத்தார்கள். நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் 1850ஐ ஒட்டிய வருசங்களில் அங்கே யானை சுட்டார். 1840இல் பிரிஸ்டல் ஜிப்ஸ் பட்டறை செய்த அவரது ரைபிளின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அவ்வளவு கனம் இல்லையென்றால் சுடும்போது தோள் கழன்றுவிடும். அந்த ரைபிளின் வேலைப்பாட்டை மெச்சலாம். அது செய்த காரியத்தை மெச்ச எனக்கு மனம் வராது. அவருக்கு முன் பதுளையில் இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகப் பெயர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அரசாங்கமே யானைக்குத் தலைப்பணம் கொடுத்த காலம் அது. இன்று படுவான்கரையில் இரவிரவாக யானைவெடி கொளுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் கசப்பான வேடிக்கை தெரியும்.

படித்து வைத்திருக்க வேண்டிய ரைபிள் பெயர்கள் சில: லண்டன் ரிக்பி, ஜெர்மன் மௌசர் இயந்திரத்தின் மேல் கட்டிய போல்ட் ரைபிள்கள். இவர்களின் .275 (ரைபிளுக்கு அளவை இப்படி அங்குலத்தில் சொல்வார்கள்) என்பது வேறொன்றுமில்லை, மௌசரின் 7 மில்லிமீற்றர் தோட்டாதான். 1911இல் .416 ரிக்பி வந்தது, 1912இல் ஹொலண்ட் அன்ட் ஹொலண்டின் .375. அந்தக் கால ரைபிள் தோட்டாக்களில் .470, .465 என்று ஏன் இத்தனை வித்தியாசமான எண்கள் என்று கேட்கத் தோன்றும். காரணம் அரசியல். 1907இல் பிரித்தானியர் இந்தியாவுக்குள் .450 தோட்டா கொண்டுவருவதைத் தடுத்தார்கள், கலகக்காரர் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்ற பயத்தில். துவக்குக்காரர்கள் உடனே பக்கத்து எண்களுக்குத் தாவினார்கள்.

முத்திரை வாசித்தல்

இனித்தான் சுவையான வேலை. லைசன் உள்ள ஒருவர் தன் துவக்கைக் காட்டச் சம்மதித்தால், அவர் கையாலேயே திறந்து, தோட்டா இல்லை என்று இருவரும் கண்ணால் பார்த்த பிறகு தொடங்குங்கள். "நான் பார்த்துட்டன்" என்று அவர் சொன்னாலும் நீங்களும் பாருங்கள். இதில் யாரும் கோபிக்கக் கூடாது.

முன்பக்கத்து மரத்துண்டைக் கழற்றினால் குழல்கள் தனியே வரும். அவற்றைக் கவிழ்த்துப் பிடித்தால், பூட்டோடு அமரும் தட்டையான அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் நெருக்கமாகக் குத்தியிருக்கும். துவக்கின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் அதுதான். மேலே பொன்னெழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை நம்புவதற்கு முன் கீழே இருப்பதை வாசிக்க வேண்டும், ஏனென்றால் பெயரை யாரும் வெட்டலாம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இருந்து இங்கிலாந்துப் பெயர்களைப் போலவே ஒலிக்கும் பெயர்களோடு ஆயிரக்கணக்கில் மலிவுத் துவக்குகள் போயின. அவற்றின் அடியில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்றெழுத்து இருக்கும். பெயர் ஆங்கிலம், முத்திரை லியேஜ் என்றால் கதை முடிந்தது. அது கெட்ட துவக்கு என்று இல்லை, ஆனால் சொல்லும் விலைக்கு ஆகாது.

இங்கிலாந்தில் முத்திரை குத்தும் இடம் இரண்டு. லண்டன் துவக்குக்காரர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது, பர்மிங்காம் பரிசோதனைச் சாலை 1813இன் சட்டத்தால் வந்தது. அளவுக்கு மிஞ்சிய மருந்து போட்டுச் சுட்டுப்பார்த்து, வெடிக்காத குழலுக்கு முத்திரை. பர்மிங்காம் முத்திரை 1904 வரை கிரீடத்தின் கீழ் குறுக்கிட்ட இரண்டு செங்கோல். 1904க்குப் பிறகு கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்ற எழுத்துகள். லண்டன் முத்திரையில் கிரீடத்தின் கீழ் ஜி, பி இரண்டும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும்.

காலம் குறிக்க இன்னும் சில துப்புகள். "பந்துக் குண்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் 1875க்கும் 1887க்கும் இடையில், வாய் குறுக்கிய குழலுக்குப் போட்டது. சாய்சதுரத்துக்குள் 12, அதன் கீழ் சி என்ற எழுத்து இருந்தால் 1887 அல்லது அதற்குப் பிறகு. சன்னத்தின் எடை, ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் என்பதுபோல், குறித்திருந்தால் 1904க்கும் 1954க்கும் இடையில். 1925 முதல் தோட்டா அறையின் நீளமும் குத்தத் தொடங்கினார்கள். 1954க்குப் பிறகு எடைக்குப் பதிலாக அழுத்தம், 3 டொன் என்பதுபோல் வரும். முதல் தடவை இதெல்லாம் குழப்பும். ஒரு கண்ணாடிவில்லையும் பக்கவாட்டிலிருந்து அடிக்கும் டோர்ச் வெளிச்சமும் இருந்தால் தேய்ந்த முத்திரையும் நிழல் விழுந்து எழும்பும்.

கட்டாயம் தேட வேண்டிய எழுத்து என்.பி. கருமருந்து மெதுவாக எரியும், 1880களில் வந்த புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு மாதிரி. 1904க்குப் பிறகு, புகையில்லா மருந்துக்குத் தாங்கும் என்று சோதித்த குழலுக்குத்தான் என்.பி. போட்டார்கள். அது இல்லாத குழலில் கடைத் தோட்டாவைப் போடுவது விரலை அடகு வைப்பது.

குழலைப் பார்ப்பது

ஒரு தடவை படுவான்கரையில் ஒரு பெரியவர் எனக்குக் காட்டித் தந்த விதம் இது. நான் பிடங்கில், தோளில் அணைக்கும் பின்கட்டையில், இருந்த வால்நட் மரத்தின் ரேகையைத் தடவிக்கொண்டு நின்றேன். "மனே, மரத்த விடு. காதக் கொண்டா இங்க," என்றார். கழற்றிய குழல்களைக் கொக்கி மாதிரி இருக்கும் அடிக்கட்டையில் ஒரு விரல் போட்டுத் தொங்கவிட்டார். மற்றக் கையின் நகக்கணுவால் மெல்லத் தட்டினார். கோயில் மணிபோல நீண்டு ஒலித்தது. இரண்டு குழலையும் இணைக்கும் மேற்பட்டியின் ஈயப் பற்று எங்காவது விட்டிருந்தால் அந்த ஒலி வராது, உடைந்த சட்டியைத் தட்டின சத்தம்தான் வரும். "விட்ட குழல் பொய் சொல்லாது," என்று அவர் இன்னொரு பழைய சோடியைத் தட்டிக் காட்டினார். சொத்தென்று நின்றது சத்தம். அந்த வித்தியாசத்தை ஒரு முறை கேட்டால் காது மறக்காது.

அடுத்தது கண். குழலை வானத்தின் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், வெயிலுக்கு அல்ல. மெல்லச் சுழற்றுங்கள். உள்ளே ஓடும் வெளிச்ச வளையங்கள் ஒழுங்கான வட்டமாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் வளையம் நெளிந்தால் வெளியிலிருந்து அடிபட்ட நெளிவு. ஒரு முழு வளையமே கறுப்பாகத் தடித்துத் தெரிந்தால் குழல் ஊதியிருக்கிறது. வாயில் மண் அடைந்திருக்கச் சுட்டால் அப்படி ஆகும், வயல் துவக்குகளில் இது சகசம். நெளிவைத் திருத்துவார்கள், ஊதலை விட்டுவிடுங்கள். சின்னச் சின்னப் பள்ளங்கள் கறுத்துத் தெரிந்தால் துரு தின்ற இடம்.

மூன்றாவது ஆட்டம். முன்மரம் இல்லாமல் குழல்களை மட்டும் பூட்டி மூடி, பிடங்கைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கடகடவென்றால் முகப்பு தளர்ந்துவிட்டது. மூடிய இடத்தில் ஒரு தாளை விட்டால் நுழையுமா என்றும் பார்க்கலாம்.

குழலின் வெளிப்பக்கத்தில் நீரோட்டம் மாதிரி, சுருள் சுருளாக ரேகை தெரிந்தால் அது டமஸ்கஸ் குழல். இரும்பும் உருக்குமான கம்பிகளை முறுக்கி, நாடாவாக அடித்து, ஒரு கம்பத்தைச் சுற்றி வைத்துப் பற்றவைத்துச் செய்தது. மேலே அமிலம் பூசியதும் இரும்பும் உருக்கும் வெவ்வேறு நிறமாகி ரேகை எழும். பார்க்கப் பார்க்க ஆசை தீராது. ஆனால் அந்தப் பற்றுகளுக்கிடையில் துரு உள்ளுக்குள் ஓடியிருந்தால் வெளியில் தெரியாது. சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு என்று வையுங்கள். தயவுசெய்து உருக்குக் கம்பளி போட்டு மினுக்காதீர்கள். ரேகை ஒருமுறை போனால் நல்ல கைவினைஞனால் மட்டுமே மீட்க முடியும், அந்தக் கைவினைஞன் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

தோட்டா அறை

பழைய 12 போர் அநேகமாக இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தது, அதாவது 65 மில்லிமீற்றர். இன்று பரவலாகக் கிடைப்பது இரண்டே முக்கால் அங்குலம், 70 மில்லிமீற்றர். சிக்கல் என்னவென்றால் நீளத் தோட்டாவும் பழைய அறைக்குள் சுகமாகப் போய் உட்காரும், ஏனென்றால் அதன் வாய் மடித்திருக்கிறது. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னாலுள்ள ஒடுக்கத்தில் முட்டும். அழுத்தம் எகிறும். "போகுதுதானே" என்ற ஒரு சொல்லால் கெட்ட கைகள் உலகத்தில் எத்தனையோ. முத்திரையில் நீளம் இல்லையென்றால் அளக்கத் தெரிந்தவர் அளக்கும்வரை அதற்குள் எதுவும் போக வேண்டாம்.

பழைய தோட்டாக்களை, ஈலி, கினொக் பெயர்போட்ட கடதாசிக் கோதுகளை, பெட்டகங்களில் காணலாம். உயிர்த் தோட்டா வைத்திருப்பதற்கும் லைசன் வேண்டும். ஞாபகத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

உப்புக்காற்றும் மாரியும்

வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்கிறோம். கல்முனையில் சைக்கிள் செயின் எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரிந்தவருக்கு மேலே விளக்கம் தேவையில்லை. நவம்பர் தொடங்கிய மாரி ஜனவரி வரை சுவரெல்லாம் வேர்க்கவைக்கும்.

தோல் உறைக்குள் துவக்கை நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்புக்குக் கொடுக்கும், பதனிட்ட உப்பும் சேரும். உறையைத் தனியாகக் காட்டுங்கள், துவக்கைத் தனியாகப் பூட்டிய இரும்பு அலுமாரியில் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், மாதத்துக்கொரு முறை காயவைத்துத் திரும்பப் போடலாம். தேங்காய் எண்ணெய் பூசுவது எங்கள் ஊர் வழக்கம், நிறுத்திவிடுங்கள். அது நாளடைவில் சிக்குப் பிடித்துப் பூட்டுக்குள் பசையாகிவிடும். துவக்கெண்ணெய் ஒரு துளி, மெல்லிய துணியில் தடவி எடுத்தால் போதும். எண்ணெய் கூடினால் அது வழிந்து பிடங்கின் தலைக்குள் ஊறி மரத்தைக் கறுப்பாக்கி மெத்தென்று ஆக்கிவிடும். பழைய துவக்குகள் பலதின் பிடங்கு பூட்டண்டையில் வெடித்திருப்பதற்குக் காரணம் சுடுவது அல்ல, இந்த எண்ணெய்தான். எண்ணெய் போட்டபின் ஒரு நாள் வாயைக் கீழே வைத்துச் சாய்த்து விடுங்கள். கையால் தொட்ட பிறகு எப்போதும் துடையுங்கள், வேர்வை உப்புத்தான் விரல்ரேகைத் துருவுக்குக் காரணம்.

மரத்துக்கு லின்சீட் எண்ணெய், மிகக் குறைவாக, உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்து. மண்கடுதாசி போடவே வேண்டாம். வெறும் துவக்கின் விசையை இழுத்து விளையாட விடாதீர்கள், உள்ளேயுள்ள ஊசி முறியும். ஆணிகளைத் திருகப் பொருந்தாத ஸ்க்ரூட்ரைவர் எடுத்தால் தலை சிதையும், சிதைந்த ஆணித்தலை விலையைப் பாதியாக்கும்.

துவக்கு இல்லாமல் சேர்ப்பவை

லைசன் எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் சேகரிப்பு நின்றுவிட வேண்டியதில்லை. மாட்டுக்கொம்பில் செய்த மருந்துக்குடுவை, சன்னப் பை, தோட்டாப் பட்டி, துடைக்கும் கம்பிகள், உறைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிய கம்பெனிச் சீட்டு, பழைய விலைப்பட்டியல், காலனித்துவக் கால லைசன் கடுதாசிகள். இவற்றில் கடைசியானது எனக்கு மிகப் பிடித்தது. ஒரு லைசனில் ஊர், துவக்கின் வகை, இலக்கம், எந்தக் காணிக்குக் காவல் என்பதெல்லாம் இருக்கும், ஒரு வயல்வட்டையின் சரித்திரம் அதில் பாதி தெரியும். மருந்துக்குடுவைக்குள் பழைய மருந்து மிச்சம் இருக்கலாம். குலுக்காமல், சூடு காட்டாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

கண்ணைப் பழக்க, கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்டி அரசு காலத்துச் சாமான்கள் இருக்கும் கூடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நெதர்லாந்து திருப்பித் தந்த லெவுகே திசாவையின் பீரங்கியும் 2023 டிசம்பரில் அங்கே வந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சின்னப் பீரங்கி, வேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் உலோகத்தின் மேல் எங்கள் நாட்டுக் கை என்ன செய்தது என்று தெரியும். இணையத்தில் லீட்ஸ் நகரத்து றோயல் ஆர்மரீஸ் நூதனசாலையின் பட்டியலில் முத்திரைகள் தெளிவான படங்களாகக் கிடைக்கும்.

குறிப்புக் கொப்பி

பார்க்கும் ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கம்பெனிப் பெயர் எழுதியபடியே, முத்திரைகள் பென்சிலால் வரைந்தபடி, குழல் நீளம், தோட்டா அறை நீளம், தட்டிய ஒலி, சேதங்கள், சொன்ன கதை, சொன்னவர் யார். இலக்கத்தை முழுதாக எழுத உரியவரிடம் சம்மதம் கேளுங்கள். ரிக்பி, ஹொலண்ட் போன்ற கம்பெனிகள் பழைய கணக்குப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன, இலக்கம் கொடுத்தால் எந்த வருசம் யாருக்கு விற்றது என்று தேடித் தருவார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் இலக்கமும் வீட்டு முகப்பும் சேர்ந்த படத்தை பேஸ்புக்கில் போடாதீர்கள். கள்ளனுக்கு முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், துவக்குக் களவு போனால் பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுக்காரர்தான்.